கடைசிக் குழாயைப் பாக்காம எழுதின பதினோரு நாள்

நாப்பத்து மூணு. மத்தது எதை மறந்தாலும் இந்த எண்ணை மறக்காதீங்க. ஒரே தெருவுல, ஒரே வாரத்துல, வாந்தி பேதின்னு ஆஸ்பத்திரிக்குப் போனவங்க அத்தனை பேர். செத்தவங்க யாரும் இல்ல. அதைச் சொல்லிச் சொல்லித்தான் நாங்க ரெண்டு பேரும் கொஞ்ச நாள் தூங்கினோம்.

ரெண்டு பேர்ல ஒருத்தன் நான். குடிநீர்த் தொழிலாளர் சங்கத்துல பத்தொன்பது வருஷம் செயலாளரா இருந்தவன். துண்டறிக்கை எழுதிப் பழகின கை, நெளிவு சுளிவெல்லாம் எதிர்பாக்காதீங்க. இன்னொருத்தன் பம்ப் ஆபரேட்டர். இது அவன் கதை.

சங்கத்துல அவனுக்கு வச்ச பேரு புள்ளி. நான் மேடையில ஏறி, "நாளொண்ணுக்குப் பத்து லட்சம் லிட்டர் தண்ணி ஏத்துற தொழிலாளி"ன்னு முழங்கினா, முன்வரிசையில உக்காந்துக்கிட்டு, "ஒன்பது புள்ளி ஆறு, தோழரே"ம்பான். கைதட்டல் பாதியில நின்னுடும். பெரும்புள்ளியா ஆகத் தெரியாதவன், வெறும் புள்ளியாவே இருந்துட்டுப் போகட்டும்னு கேலி பண்ணுவோம். அவனும் சிரிப்பான். ஆனா அடுத்த கூட்டத்துலயும் திருத்துவான்.

அவனோட அப்பா அம்மா ரெண்டு பேரும் சீக்கிரமே போயிட்டாங்க. எட்டு வயசு மூத்த அக்காதான் வளத்தா. அட்டைப்பெட்டிக் கம்பெனியில பசை தடவுற வேலை அவளுக்கு. பத்தாவது வரைக்கும் படிக்க வச்சா. பத்தொன்பது வயசுல குழாய்க்குப் பள்ளம் தோண்டுற ஆளா சேந்தான், அப்புறம் வால்வு திருகுற ஆள், அப்புறம் பம்ப் ஹவுஸ். ரெண்டு மோட்டார், ஒண்ணு ஓடும், ஒண்ணு ஓய்வு எடுக்கும். ஸ்க்ரூ டிரைவரோட முனையை மோட்டார் மேல வச்சு, கைப்பிடியைக் காதுல அழுத்திக் கேப்பான். பேரிங் போகப் போகுதுன்னா ஒரு வாரம் முன்னாடியே சொல்லிடுவான். அவன் பொண்டாட்டி சொல்லுவா, நான் பேசுறதை இப்படி ஒரு நாள் காது குடுத்துக் கேட்டிருக்காரா இந்த மனுஷன்னு.

ஒரு தடவை பெரிய வேலைநிறுத்தம். ஒன்பது நாள். எல்லாத்தையும் நிறுத்தினோம். இவன் மட்டும் மோட்டாரை நிறுத்த மாட்டேன்னுட்டான். நான் நேர்ல போய்ச் சத்தம் போட்டேன், கருங்காலின்னு கூட சொல்லிட்டேன். "திட்டிக்கங்க தோழரே. நம்ம சண்டை ஆபீசோட. குழாயடியில குடம் வச்சிட்டு நிக்கிறவங்ககிட்ட நமக்கு என்ன சண்டை?"ன்னு கேட்டான். ஒன்பது நாளும் சம்பளம் வாங்காம மோட்டார் ஓட்டினான். இவன் எப்படிப்பட்டவன்னு தெரிஞ்சாத்தான் பின்னாடி நடந்தது புரியும், அதுக்காகச் சொல்றேன்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். எங்க பம்ப் ஹவுஸை ஒரு காண்ட்ராக்டர்கிட்ட குடுத்துடலாம்னு மேல ஒரு பேச்சு கிளம்புச்சு. காரணம் கரண்ட் பில். காலைலயும் சாயங்காலமும் கரண்டுக்கு ரேட் அதிகம். ராத்திரியில கம்மி. நாங்களோ காலைல ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவைன்னு மூணு வேளை டேங்க்குக்குத் தண்ணி ஏத்திட்டிருந்தோம். எங்க ஆளுங்களுக்குக் கணக்குத் தெரியாது, காண்ட்ராக்டர் வந்தாத்தான் மிச்சம் பிடிப்பான்னு பேசினாங்க.

புள்ளிக்கு அது சுருக்குனு தைச்சிடுச்சு. ரெண்டு வாரம் நோட்டும் பென்சிலுமா உக்காந்தான். எந்த மணியில எந்தத் தெரு எவ்வளவு தண்ணி எடுக்குது, டேங்க் எவ்வளவு தாங்கும், எல்லாத்தையும் கட்டம் போட்டு எழுதினான். கடைசியில ஒரு திட்டம் கொண்டாந்தான். மொத்தத் தண்ணியையும் ராத்திரி பத்துல இருந்து காலைல அஞ்சுக்குள்ள ஏத்தி டேங்க்கை விளிம்பு வரைக்கும் ரொப்பிடறது. பகல் பூரா அந்த டேங்க்ல இருந்தே பதினோரு தெருவுக்கும் இறங்கும். மோட்டாருக்கு ஓய்வு. இன்ஜினியர் பாத்துட்டு சரின்னுட்டாரு.

மூணு மாசத்துல பில்லு முப்பத்தோரு சதவீதம் இறங்குச்சு. நான் விடுவேனா? ரெண்டாயிரம் நோட்டீஸ், சிவப்பு மை. "தொழிலாளியின் மூளை மிச்சம் பிடித்தது முப்பத்தோரு சதவீதம்! காண்ட்ராக்டர் எதற்கு?" நகரசபைக் கூட்டத்துல காண்ட்ராக்டை முடிவு பண்றதுக்குத் தேதி வச்சிருந்தாங்க. எட்டு பேரோட வேலை அதுல தொங்கிட்டிருந்துச்சு. எங்க கையில இருந்த ஒரே ஆயுதம் அந்த முப்பத்தொண்ணு.

இங்கதான் ஒரு விஷயம் நீங்க தெரிஞ்சுக்கணும். தண்ணியில குளோரின் மருந்து போடுறோம் இல்லையா, அது போட்ட இடத்துல இருந்தா மட்டும் பத்தாது. கடைசி வீட்டுக் குழாய்ல வந்து விழும்போதும் மிச்சம் இருக்கணும். வழியில எந்த ஓட்டையில எந்த அசிங்கம் உள்ள வந்தாலும் அந்த மிச்சம்தான் கொல்லும். குறைஞ்சது லிட்டருக்குப் புள்ளி ரெண்டு மில்லிகிராம். அதனால தினமும் காலைல ஆபரேட்டர் கடைசித் தெருவுக்குப் போய், சின்னக் கண்ணாடிக் குழாய்ல தண்ணி பிடிச்சு, ஒரு மாத்திரையைப் போட்டுக் குலுக்கணும். ரோஸ் நிறம் வரும். அட்டையில இருக்குற நிறத்தோட ஒப்பிட்டு, வந்த எண்ணை ரிஜிஸ்டர்ல எழுதணும்.

அந்தக் கடைசிக் குழாய் இருந்தது புள்ளியோட அக்கா வீட்டு வாசல்ல. பதினோராவது தெரு, முட்டுச் சந்து, அதுக்கு மேல குழாய் கிடையாது. பத்து வருஷமா தினமும் ஏழு மணிக்கு இவன் சைக்கிள் அங்க வந்து நிக்கும். அக்கா டீயோட வருவா. ஒரு கையில டீ, இன்னொரு கையில ரோஸ் கலர் தண்ணி. "எதைக் குடிக்கிறேன்னு பாத்துக் குடிடா"ம்பா. மாமா தச்சுவேலைக்காரர், மரத்தூள் தலையோட எட்டிப் பாத்து, "மாப்ள, பாஸா ஃபெயிலா?"ன்னு கேப்பாரு. பாஸ்தான் எப்பவும்.

வெயில் ஏறுச்சு. காங்கிரீட் டேங்க், உச்சியில நிழல் கிடையாது. முன்னாடி பகல்ல மூணு தடவை புதுத் தண்ணி ஏறும். இப்ப அதே தண்ணி பகல் பூரா கிடந்து கொதிக்குது. மருந்து வெயிலுக்கு ஆவியாகிப் போகும். அதுக்கப்புறம் ராத்திரி பூரா கடைசித் தெரு வரைக்கும் நீளமான குழாய்ல ஊர்ந்து போகணும். ஒரு நாள் காலைல மாத்திரை போட்டான், ரோஸ் வரல. மாத்திரை பழசுன்னு நினைச்சான். புதுப் பட்டையைப் பிரிச்சுப் போட்டான். வரல. மறுநாளும் வரல.

சைக்கிளைத் திருப்பி நேரா சங்கத்து ஆபீசுக்கு வந்தான். சைக்கிள் கடைக்கு மேல ஒத்தை ரூம், அதுதான் ஆபீஸ். பென்சில் காதுல இருந்துச்சு, முகத்துல ரத்தம் இல்ல. முந்தின நாளே டேங்க்குல மருந்தைக் கூட்டிப் பாத்தானாம். முதல் தெருக்காரங்க நாத்தம் தாங்கலன்னு புகார் குடுத்து, இன்ஜினியர் வாங்கு வாங்குன்னு வாங்கிட்டாரு. கூட்டினா முதல் தெரு கத்துது, குறைச்சா கடைசித் தெருவுல பூஜ்யம். பழையபடி பகல்லயும் மோட்டார் போட்டா சரியாகிடும். ஆனா மீட்டர் காட்டிக் குடுத்துடும். முப்பத்தொண்ணு போயிடும்.

"நான் போட்ட கணக்குல தண்ணியோட வயசை எழுத மறந்துட்டேன், தோழரே. இப்பவே இன்ஜினியர்கிட்ட சொல்லிடறேன்"ன்னான்.

நான் காலண்டரைப் பாத்தேன். கூட்டத்துக்குப் பதினோரு நாள் இருந்துச்சு. நான் சொன்னதை அப்படியே எழுதுறேன். "இத்தனை வருஷம் கடைசித் தெருவுல எவனுக்கு என்ன ஆச்சு? எட்டு குடும்பம் நடுத்தெருவுக்கு வந்துடும். பதினோரு நாள். அதுவரைக்கும் வாயை மூடிட்டு இரு." அவன் சைக்கிளை எடுத்துட்டுப் போயிட்டான். நான் கூட்டத்துல பேச வேண்டியதை எழுத உக்காந்துட்டேன்.

மறுநாள்ல இருந்து புள்ளி அக்கா வீட்டுக்குப் போறதை நிறுத்திட்டான். இதை நல்லாப் புரிஞ்சுக்கங்க. வெள்ளைத் தண்ணியைக் கண்ணால பாத்துட்டு புள்ளி ரெண்டுன்னு எழுத அவன் கை வராது. பாக்காம எழுத வந்துச்சு. பம்ப் ஹவுஸ்லயே ஸ்டூல்ல உக்காந்து ஏழு மணிக்கு எழுதுவான்: கடைசிக் குழாய், புள்ளி ரெண்டு. பொய்யை விட, அதைச் சரியா ஏழு மணிக்கு எழுதினான் பாருங்க, அதுதான் அவன். அக்கா ஆள் அனுப்பிக் கேட்டிருக்கா, தம்பிக்கு என்ன கோவம், டீ ஆறிப் போகுதேன்னு. வேலை அதிகம்னு சொல்லி அனுப்பிட்டான்.

அந்தத் தெரு முனையில சாக்கடையைக் கடந்து போற தண்ணிக் குழாய்ல ஒரு இணைப்பு விட்டிருந்துச்சு. எத்தனை வருஷமா விட்டிருந்துச்சோ. காலைல எல்லாரும் ஒரே நேரத்துல குழாயைத் திறந்தா அழுத்தம் விழுந்து சாக்கடைத் தண்ணியை உள்ள இழுத்துக்கும். மருந்து இருந்த வரைக்கும் அந்த ஓட்டை யாருக்கும் தெரியல. மருந்து போன அஞ்சாவது நாள் தெரிஞ்சுச்சு.

முதல்ல ரெண்டு குழந்தைங்க. அடுத்து ஒரு வீடு பூரா. எட்டாவது நாள் மாமா. நல்ல வாட்டசாட்டமான ஆளு, ரெண்டு பேர் தூக்கித்தான் ஆட்டோவுல ஏத்தினாங்க. புள்ளி ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பாத்தான். கட்டில் பத்தாம வராந்தாவுல பாய் போட்டுப் படுத்திருந்தாங்க, கையில குளுக்கோஸ் ஊசி. இவனைப் பாத்ததும் மாமா, உதடு காஞ்சு போய்க் கிடந்தவரு, சிரிச்சுக்கிட்டே கேட்டாரு: "மாப்ள, பாஸா ஃபெயிலா?"

அங்கிருந்து என்கிட்டதான் வந்தான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? வெயில் காலம், எங்க பாத்தாலும் வயித்துப்போக்குதான், தண்ணிதான் காரணம்னு எவன் சொன்னான்? நரம்பில்லாத என் நாக்கு அப்படியும் பேசுச்சு. ஒன்பதாவது நாள் அவன் யாரையும் கேக்காம பகல்லயே மோட்டாரைப் போட்டு, மருந்தை ரெண்டு மடங்காக் கலக்கிவிட்டான். புதுசா யாரும் படுக்கல. ஆனா ரிஜிஸ்டர்ல மோட்டார் ஓடினதை எழுதல. பதினோராவது நாள் வரைக்கும் கடைசிக் குழாய் புள்ளி ரெண்டுதான்.

மறுநாள் காண்ட்ராக்ட் கூட்டம் நடக்கல. அந்த ஹால்லயே சுகாதார அதிகாரி விசாரணை வச்சாங்க. கண்டிப்பான அம்மா, முன்னாடியே ரிஜிஸ்டரை வாங்கிப் படிச்சிருந்தாங்க. நாப்பத்து மூணு பேர் விழுந்த தெருவுல தினமும் புள்ளி ரெண்டு எப்படி வந்துச்சுங்கிறதுதான் அவங்க கேள்வி. சாட்சி சொல்ல வேண்டியவ குழாய்க்குச் சொந்தக்காரி. அக்கா.

முந்தின நாள் சாயங்காலம் நான் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அடுப்புல பெரிய பாத்திரத்துல தண்ணி கொதிச்சிட்டு இருந்துச்சு. நான் சுத்தி வளைச்சுப் பேச ஆரம்பிச்சேன். தம்பி வேலை, சங்கம், எட்டு குடும்பம். அவ கரண்டியைக் கீழ வச்சா.

"என் தம்பிக்காகப் பொய் சொல்ல நீங்க எனக்குச் சொல்லித் தர வேண்டாம். மூணு வயசுல அவன் பக்கத்து வீட்டுக் கண்ணாடியை உடைச்ச நாள்ல இருந்து சொல்லிட்டிருக்கேன்."

கேள்வி ஒண்ணும் கேக்கல. அவளுக்கு எல்லாம் தெரிஞ்சிருந்துச்சு. வராத சைக்கிள் சொல்லிடுச்சு.

விசாரணையில அதிகாரி கேட்டாங்க, ஆபரேட்டர் தினமும் வந்து சோதிச்சாரான்னு. அக்கா நிமிந்து நின்னு சொன்னா, தினமும் ஏழு மணிக்கு வந்தான்னு. அத்தோட விட்டிருக்கலாம். "டீ குடிச்சிட்டுத்தான் போவான்"னு சேத்தா. புருஷன் இன்னும் ஆஸ்பத்திரியிலதான் இருந்தாரு. தன் வீட்டுத் தண்ணியைக் குடிச்சுப் படுத்த ஆளோட பொண்டாட்டியே சொல்றா, அதிகாரி நம்பிட்டாங்கன்னுதான் தோணுச்சு. பேனாவை எடுத்து எழுதக் குனிஞ்சாங்க. எனக்கு மூச்சு வந்துச்சு.

புள்ளி எந்திரிச்சான். "வரல, மேடம்."

அதிகாரி நிமிந்தாங்க.

"அக்கா எனக்காகச் சொல்லுது. பதினோரு நாள் நான் அந்தத் தெருப்பக்கமே போகல. எழுதினதெல்லாம் பொய். அதுக்கு முந்தின ரெண்டு நாள் பூஜ்யம் வந்துச்சு, அதையும் மறைச்சேன். மோட்டார் நேரத்தை மாத்தினது நான், தப்பு கணக்குல இருக்கு."

யார் சொல்லி மறைச்சீங்கன்னு கேட்டாங்க. அவன் என் பக்கம் திரும்பக்கூட இல்ல.

"யாரும் சொல்லல. நானாத்தான்."

நான் மூணாவது நாற்காலியில உக்காந்திருந்தேன். மைக் இல்லாம ஆயிரம் பேருக்குக் கேக்குற குரல் எனக்கு. எந்திரிச்சு ஒரு வார்த்தை சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நான் எந்திரிக்கல. மேசை மேல இருந்த என் நோட்டீசையே பாத்துட்டிருந்தேன். முப்பத்தொண்ணு சிவப்புல பளிச்சுன்னு இருந்துச்சு.

வெளியில வந்ததும் அக்கா அவனை அடிக்கல, திட்டல. "பொய்தான் சொன்னேன், ஒத்துக்கிறேன். நாலு பேர் முன்னாடி என்னைப் பொய்க்காரி ஆக்கிட்டியேடா"ன்னு மட்டும் சொல்லிட்டு ஆஸ்பத்திரிக்கு நடந்துட்டா. அவன் அதே படியில உக்காந்துட்டான். நான் பக்கத்துல போனேன். அவன் என்னைப் போகச் சொல்லல, இருக்கவும் சொல்லல.

பம்ப் ஹவுஸ் காண்ட்ராக்டருக்குப் போயிடுச்சு. எட்டு பேர் வேலை போச்சு. அதுல ரெண்டு பேர் இன்னைக்கும் புள்ளியைப் பாத்தா ரோட்டோட அந்தப் பக்கம் போயிடறாங்க. என்னைப் பாத்தா மட்டும் வணக்கம் சொல்றாங்க. அந்த வணக்கம் எனக்கு எப்படி இருக்கும்னு நீங்களே யோசிச்சுக்கங்க. மூணு மாசத்துல செயலாளர் பதவியை விட்டேன். உடம்பு முடியலன்னு காரணம் எழுதினேன். அதுவும் பொய்தான்.

தானா ஒத்துக்கிட்டதால புள்ளியை வேலையை விட்டு எடுக்கல, ரெண்டு படி இறக்கி, நகரசபையிலயே தண்ணி சோதிக்கிற ஆளாப் போட்டாங்க. மோட்டாரைத் தொடக் கூடாது. அந்த வேலையைக் குடுத்த முதல் வாரமே கடைசித் தெருவுல வீடு வீடாப் போனான். ஒவ்வொரு வாசல்லயும் நின்னு, நான்தான் அந்த ஆபரேட்டர், பாக்காம எழுதினது நான்தான்னு சொன்னான். ஒருத்தர் கதவைச் சாத்தினாரு. ஒருத்தர் ஒரு டம்ளர்ல குழாய்த் தண்ணியைப் பிடிச்சு, முதல்ல நீ குடிடான்னாரு. குடிச்சான். ஒரு அம்மா, எங்க வீட்ல நாலு பேருப்பா, நாப்பத்து மூணுல எங்களைச் சேத்தியான்னு கேட்டா. நோட்டைப் பிரிச்சுக் காட்டினான். சேத்திருந்தான்.

அப்புறம் ஒரு மாசம் உக்காந்து பழைய கணக்கைத் திரும்பப் போட்டான். யாரும் கேக்கல, சம்பளமும் இல்ல. இந்தத் தடவை தண்ணியோட வயசுக்குத் தனிக் கட்டம். ராத்திரி டேங்க்கை முக்கால்வாசி மட்டும் ரொப்பு, மத்தியானம் ரெண்டு மணி நேரம் புதுத் தண்ணி ஏத்து, ஒன்பதாவது தெரு முனையில ஒரு சின்ன டிரம் வச்சுச் சொட்டுச் சொட்டா மருந்து விடு. முதல் தெருவுலயும் நாத்தம் வராது, கடைசித் தெருவுக்கும் மிச்சம் இருக்கும். பில்லுல மிச்சம் பதினெட்டு சதவீதம்தான். இன்ஜினியர் அதைக் காண்ட்ராக்டருக்கு உத்தரவாவே போட்டாரு. புள்ளி பேரு அதுல இல்ல.

ரெண்டு வருஷம் கழிச்சு, போன வெயில் காலத்துல, ஒரு நாள் காலைல அவனோட நானும் போனேன். நானாத்தான் கேட்டேன், வரட்டுமான்னு. அக்கா வாசல்ல மாமா பெஞ்சு இழைச்சிட்டு இருந்தாரு. தலையாட்டினாரு, பாஸா ஃபெயிலான்னு கேக்கல. அந்தக் கேள்வியை அவர் அப்புறம் கேக்கவே இல்லையாம். அக்கா டீ கொண்டாந்து திண்ணை மேல வச்சா, கையில குடுக்கல. உள்ள அடுப்புல தண்ணி கொதிக்கிற சத்தம். ரெண்டு வருஷமா அவன் கண்ணு முன்னாடியே காய்ச்சித்தான் குடிக்கிறா. அவன் புள்ளி நாலுன்னு எழுதின நாள்லயும் காய்ச்சினாளாம்.

வழியெல்லாம் நான் ஒத்திகை பாத்துட்டு வந்ததை அங்க வச்சுச் சொன்னேன். "அன்னைக்கு நான் எந்திரிச்சிருக்கணும்."

அவன் கண்ணாடிக் குழாயைக் கழுவிட்டே இருந்தான். "நீங்க சொன்னீங்க தோழரே, சரி. எழுதினது என் கைதானே"ன்னான். மன்னிச்சேன்னும் சொல்லல, இல்லைன்னும் சொல்லல.

தண்ணி பிடிச்சான், மாத்திரை போட்டான், குலுக்கினான். லேசா ரோஸ் வந்துச்சு. அட்டைக்குப் பக்கத்துல பிடிச்சான். நான் மூக்குக்கண்ணாடியைத் தள்ளிவிட்டுப் பாத்தேன். என் வாய் இருக்கே, "புள்ளி ரெண்டு மாதிரிதான் தெரியுது"ன்னுடுச்சு. அவன் வெயில்ல இருந்து நிழலுக்கு வந்து, பின்னால வெள்ளைக் காகிதம் வச்சு, திரும்பப் பாத்தான். அக்கா வாசப்படியில நின்னு அவன் கையையே பாத்துட்டு இருந்தா.

பம்ப் ஹவுஸுக்கு ஃபோன் போட்டான். ஒன்பதாவது தெரு டிரம்ல சொட்டு நின்னிருக்கும், உடனே பாருங்க, அதுவரைக்கும் இந்தத் தெரு வால்வை அடைங்கன்னான். அந்தப் பக்கம் ஏதோ முணுமுணுத்தாங்க. வச்சுட்டான். காதுல இருந்து பென்சிலை எடுத்தவன், அதைத் திரும்பச் செருகிட்டு, பையில இருந்து பேனாவை எடுத்தான். ரிஜிஸ்டரைத் தொடை மேல வச்சு, தேதி போட்டு, ஏழு மணி பன்னெண்டு நிமிஷம்னு எழுதி, பக்கத்துக் கட்டத்துல எழுதினான்.

0.1